இடிப்பதா, செப்பனிடுவதா, புதிதாகக் கட்டுவதா? ஆலயக் கட்டடக் கமிட்டிகளுக்கு ஓர் ஒப்பீடு

"ஆலயத்தில் இடம் போதவில்லை, வெக்கை தாங்க முடியவில்லை, இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டிவிடுவோம்." திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் சேகரங்களில், அதாவது சில ஊர்களின் கிறிஸ்தவச் சபைகள் சேர்ந்த வட்டங்களில், கட்டடக் கமிட்டி கூடும்போதெல்லாம் இந்தப் பேச்சு எழுகிறது. பேசுகிறவர்கள் ஆலயத்தின்மீது உயிரையே வைத்திருப்பவர்கள். சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் உழைத்துச் சேர்த்ததில் ஒரு பங்கை ஊர் ஆலயத்துக்கென்று எடுத்துவைப்பவர்கள். அந்தக் காணிக்கையை எதில் போட வேண்டும் என்பதுதான் கேள்வி.

பேச்சுக்கு வசதியாக ஓர் ஆலயத்தை மனதில் வைத்துக்கொள்வோம். இந்தப் பகுதியில் இப்படிப்பட்டவை நிறைய உண்டு. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய ஒன்றரை அடி, இரண்டடிச் சுவர். தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. அறுபதுக்கு முப்பது அடி அளவு. நெருங்கி உட்கார்ந்தால் 300 பேர். சாதாரண ஞாயிறுகளில் இருநூறு பேர் வருகிறார்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பிரதிஷ்டைப் பண்டிகை, அசனம் என்னும் பொது விருந்து ஆகிய நாட்களில் கூட்டம் ஆயிரத்தைத் தொடுகிறது.

முன்னால் இருப்பவை மூன்று வழிகள். பழையதை இடித்து, ஆர்.சி.சி. தூண், கண்ணாடி முகப்பு, ஏ.சி. என்று ஆயிரம் பேர் கொள்ளும் புது ஆலயம் கட்டுவது ஒன்று. பழையதைச் செப்பனிட்டு, பக்கத்தில் திறந்த கூடம் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது இன்னொன்று. புதிதாகவே கட்டினாலும் சிமெண்டையும் கம்பியையும் குறைத்து, காற்றையும் வெளிச்சத்தையும் நம்பிக் கட்டுவது மூன்றாவது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஆலயம் உறுதியாக நிற்கும் ஊர்களில் இரண்டாவது வழிதான் சரி. மூன்றாவது வழி, ஆலயமே இல்லாத புதுக் குடியிருப்புகளுக்கு. முதல் வழிக்கு நியாயமான காரணம் உள்ள இடங்கள் மிகச் சில.

எதை வைத்து எடை போடுவது?

வீடோ கடையோ என்றால் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் என்று பார்த்தால் போதும். ஆலயத்துக்கு அது போதாது, ஏனென்றால் எதை விசுவாசிக்கிறோம் என்பதும் அந்தக் கட்டடத்தில் சேர்ந்தே எழும்புகிறது.

1967இல் லின் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இயற்கை மனிதனின் உபயோகத்துக்காகவே இருக்கிறது என்ற எண்ணத்தை வளர்த்ததில் மேற்கத்தியக் கிறிஸ்தவத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது அவரது குற்றச்சாட்டு. இறையியலாளர்கள் அதற்கு இன்றுவரை பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் பூமியையும் ஜீவஜந்துக்களையும் ஆளும்படி மனிதனிடம் சொல்வது உண்மை. ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே, ஏதேன் தோட்டத்தை "பண்படுத்தவும் காக்கவும்" தேவன் அவனை அங்கே வைத்தார் என்றும் இருக்கிறது. காக்கும் பொறுப்பை விட்டுவிட்டு ஆளும் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் பிழை. கான்ஸ்டான்டினோப்பிளின் ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தலைவர் திமித்ரியோஸ் 1989இல் செப்டம்பர் 1ஆம் தேதியைச் சிருஷ்டிக்காக ஜெபிக்கும் நாளாக அறிவித்தார். 2015இல் போப் பிரான்சிஸின் ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல் பூமியை நம் பொது வீடு என்று அழைத்தது. தென்னிந்தியத் திருச்சபை சுற்றுச்சூழல் ஞாயிறு கொண்டாடுகிறது. சூழலியலுக்கென்று அதன் உயர் ஆளும் பேரவையான சினாட்டில் ஒரு துறையே இயங்குகிறது.

ஆனால் இதெல்லாம் கட்டடக் கமிட்டியின் மேசைக்கு வந்து சேர்வதில்லை. சுற்றுச்சூழல் ஞாயிற்றில் மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த வாரமே, ஆலய வளாகத்தில் நிழல் தந்துகொண்டிருந்த வேம்பை வெட்டி பேவர் பிளாக் பதிக்கத் தீர்மானம் போடுகிறோம். அரை மணி நேரப் பிரசங்கத்தை ஐம்பது வருடம் நிற்கப்போகும் கட்டடம் மறுத்துப் பேசிக்கொண்டிருந்தால், பிள்ளைகள் கட்டடத்தைத்தான் நம்புவார்கள்.

84ஆம் சங்கீதத்தில் ஒரு வசனம் இருக்கிறது. கர்த்தருடைய பீடங்களண்டையில் அடைக்கலான் குருவிக்கு வீடும், தகைவிலான் குருவிக்குத் தன் குஞ்சுகளை வைக்கும் கூடும் கிடைத்ததே என்று பாடகன் வியக்கிறான். ஆலயக் கட்டடக் கலைக்கு வேதாகமம் தரும் அளவுகோல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குருவி நுழையும் ஜன்னலில்தான் காற்றும் நுழைகிறது. மூன்று வழிகளையும் இந்த வசனத்தின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

வெக்கையின் கணக்கு

இடிக்க வேண்டும் என்பதற்கு முதலில் சொல்லப்படும் காரணம் வெக்கை. அதனால் அதையே முதலில் பார்ப்போம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதற்குச் சமம். 300 பேர் கூடினால் 30 கிலோவாட். ஒரு டன் ஏ.சி. அகற்றக்கூடிய வெப்பம் மூன்றரை கிலோவாட். ஆகவே மனிதர்களின் வெப்பத்துக்கே எட்டு, ஒன்பது டன் வேண்டும். கூரை, சுவர், கண்ணாடி வழியாக வரும் வெப்பத்தையும், மூச்சுவிட உள்ளே விட்டாக வேண்டிய வெளிக்காற்றின் வெப்பத்தையும் சேர்த்தால் அது இருமடங்காகும். 20 டன் என்று வைத்துக்கொண்டால் மின்சாரத்தில் சுமார் 20 கிலோவாட். இதே கூட்டத்துக்கு 35 வாட் எடுக்கும் புதுவகை பி.எல்.டி.சி. மின்விசிறிகள் இருபத்தைந்து போட்டால் ஒரு கிலோவாட்டுக்கும் குறைவு. உடம்பில் படும்படி ஓடும் காற்று, வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோன்ற உணர்வைத் தந்துவிடுகிறது.

ஆயிரம் பேர் ஆலயம் என்றால் மனித வெப்பம் மட்டுமே 100 கிலோவாட். அதற்கேற்ற ஏ.சி., அதற்கேற்ற மின் இணைப்பு, மின்வெட்டுக்கு டீசல் ஜெனரேட்டர். இத்தனையும் வாரத்தில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு. திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னல்களை வைத்துவிட்ட பிறகு ஒரு நாள் மின்சாரம் நின்றால், அந்தப் புதுக் கட்டடம் பழைய ஆலயத்தைவிட மோசமான அடுப்பாகிவிடும்.

இங்கிலாந்துத் திருச்சபைக்கு எதிர்ப்பக்கத்துப் பிரச்சினை: குளிர். 2030க்குள் நிகரக் கார்பன் வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்க அதன் பொதுப்பேரவை 2020இல் தீர்மானித்தது. உயரமான கல் ஆலயங்களின் காற்று முழுவதையும் சூடேற்றிக் கட்டுப்படியாகாது. ஆட்களைச் சூடேற்றுங்கள், வெற்றிடத்தைச் சூடேற்றாதீர்கள் என்பது அங்கே ஆலயங்களுக்குக் கொடுக்கப்படும் ஆலோசனை. உட்காரும் இருக்கைக்கு அடியிலேயே சிறு ஹீட்டர் வைக்கிறார்கள். நமக்கும் அதே பாடம் தலைகீழாகப் பொருந்தும். நாற்பதடி உயரத்தில் நிற்கும் காற்றைக் குளிர்விப்பதால் யாருக்கும் பயன் இல்லை.

இனி பழைய சுவரின் கணக்கு. இரண்டடிச் சுவரின் வெளிப்புறத்தில் பகலில் ஏறும் சூடு உட்புறத்தை எட்டப் பத்து மணி நேரத்துக்கு மேலாகிறது. இரவெல்லாம் ஜன்னல்கள் திறந்திருந்தால் குளிர்ந்த காற்று அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோய்விடும்; காலை எட்டு மணி ஆராதனைக்கு வருகிறவர்களுக்குச் சுவர் குளிர்ச்சியாக இருக்கும். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்தில் வெப்பம் மூன்று நான்கு மணி நேரத்தில் கீழே இறங்கி, பிற்பகலிலிருந்து தலைக்குமேல் காந்திக்கொண்டிருக்கும். காலையில் கூடும் சபைக்குத் தடித்த சுவரைப்போல் ஒத்துவரும் கட்டடம் வேறில்லை.

அப்படியானால் பழைய ஆலயங்கள் ஏன் இப்போது வெக்கையாக இருக்கின்றன? பெரும்பாலும் நாம் செய்துவைத்த வேலைகளால்தான். திருட்டுப் பயத்தில் சனிக்கிழமை இரவு முழுவதும் ஜன்னல்களை அடைத்துவைத்து, ஆராதனைக்குக் கால் மணி நேரத்துக்கு முன்னால் திறக்கிறோம். மரச் சட்டக் கதவுகளை எடுத்துவிட்டு அசையாத கண்ணாடி போட்டிருக்கிறோம். புறாத் தொல்லைக்காகக் கூரையோரத்துக் காற்றுப் போக்கிகளைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, அழகுக்காகக் கீழே ஒரு பி.வி.சி. சீலிங்கைத் தொங்கவிட்டு, வெப்பக்காற்று மேலேறி நிற்க முன்னோர் விட்டுவைத்த உயரத்தைப் பறித்துவிட்டோம். ஜன்னல்களுக்கு நல்ல இரும்புக் கம்பியும் வலையும் போட்டு இரவில் திறந்துவைப்பது, அடைத்தவற்றைத் திறப்பது, சீலிங்கைக் கழற்றுவது, கூரையின் மேற்புறத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது. இந்த நான்கையும் செய்து ஒரு சித்திரை, வைகாசியைக் கடந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு ஏ.சி. பற்றிப் பேசலாம்.

பழைய ஆலயத்தைத் தட்டிப் பார்ப்பது

"கட்டடம் பலவீனமாகிவிட்டது" என்பது அடுத்த காரணம். உண்மையிலேயே பலவீனமான கட்டடங்கள் உண்டு. ஆனால் பல ஊர்களில் அந்த முடிவைச் சொல்கிறவர் புதிய கட்டடத்தைக் கட்டப்போகும் ஒப்பந்தக்காரராகவே இருக்கிறார். சுண்ணாம்புக் கட்டடத்தில் கைப்பழக்கம் உள்ள ஒரு கொத்தனாரையும், அந்த ஒப்பந்தத்தோடு தொடர்பில்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரையும் அழைத்துச் சென்று காட்டுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

நல்ல கொத்தனார் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார். விரல் முட்டியாலோ சுத்தியல் பிடியாலோ தட்டிக்கொண்டே நடப்பார். ஓரிடத்தில் கெட்டியான ஓசை; இரண்டடி தள்ளி ‘பொக்கு பொக்கு’ என்று வெற்றோசை. அந்த இடத்தில் பூச்சு சுவரைவிட்டு விலகியிருக்கிறது. சுரண்டிப் பார்த்தால், அநேகமாக அது பிற்காலத்தில் பூசிய சிமெண்டாக இருக்கும். அடியில் சுவர் ஈரமாக, வெள்ளையாக உப்புப் பூத்து, பொடிப்பொடியாக உதிரும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே ஆவியாக விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சு உள்ளேயே பூட்டிவைக்கும். ஈரத்தோடு வந்த உப்பு உள்ளுக்குள் படிகமாகிச் செங்கலைத் தின்கிறது. சுவர் கெட்டது வயதினால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கெடுத்தது முப்பது வருடத்துக்கு முன்னால் நாமே செய்த ‘மராமத்து’.

இதற்கு வைத்தியம் உண்டு, பொறுமை வேண்டும். சிமெண்டுப் பூச்சை முழுவதும் கொத்தி எடுத்து, சுவரை ஒரு கோடை முழுவதும் காயவிட வேண்டும். சுண்ணாம்பை நீற்றிக் குழியில் புளிக்கவிட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைத்துப் பூச வேண்டும். பனைநாட்டில் கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை. தூத்துக்குடிக் கடற்கரை கிளிஞ்சல் சுண்ணாம்புக்குப் பேர்பெற்றது. சூளையில் வெந்தபோது வெளியேறிய கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கைச் சுண்ணாம்பு காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டே இறுகுகிறது. சிமெண்டைப் பொறுத்தவரை, உலகக் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் ஏழெட்டு சதவீதம் அந்த ஒரு பொருளின் உற்பத்தியிலிருந்தே வருகிறது.

அடுத்து கூரை. உத்திரத்தின் நடுப்பகுதியைப் பார்ப்பதைவிட, அது சுவருக்குள் நுழையும் முனையைப் பார்க்க வேண்டும். கூரான ஊசியால் குத்தினால் தேக்கு எதிர்த்து நிற்கிறதா, மெத்தென்று உள்வாங்குகிறதா? உள்வாங்கினால் மழைநீரோ கரையானோ புகுந்திருக்கிறது. ஏணி போட்டு மேலே ஏறினால் காரணமும் தெரிந்துவிடும்: தூம்பில் வேப்பஞ்சருகு அடைத்திருக்கும், கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் ஓர் அரசங்கன்று வேர்விட்டிருக்கும். ஒவ்வொரு முறை ஒழுகும்போதும் மேலே இன்னோர் அடுக்குக் கான்கிரீட் போட்டு, உத்திரங்கள் சுமக்க வேண்டிய பாரத்தை ஏற்றிக்கொண்டே போயிருப்பார்கள். அந்த அடுக்குகளைப் பெயர்த்தெடுத்து, கெட்ட முனைகளை மட்டும் வெட்டி மாற்றி, சுண்ணாம்பு ஜல்லிக் காரை போட்டுத் தட்டோடு பதித்தால், கூரை இன்னும் இரண்டு தலைமுறைக்கு நிற்கும்.

இந்த வேலையில் பணத்தின் பெரும்பங்கு கூலியாகப் போகிறது. புதுக் கட்டடத்தில் அது சிமெண்டு மூட்டைக்கும் கம்பிக்கும் மணலுக்கும் போகும். மணல் நமக்குத் தூரத்து விஷயமா? தாமிரபரணியில் மணல் அள்ள உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2010இல் தடைவிதிக்க வேண்டிவந்தது. "பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது" என்று ஞாயிறுதோறும் வாசிக்கும் சபை, அந்த நிறைவில் ஆற்று மணலும் அடங்கும் என்பதை மறக்கலாகாது. இடிபாடு எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். பல ஊர்களில் அது போகும் இடம் குளத்தங்கரை. தேக்கு உத்திரங்கள் பழைய மரக்கடைக்குப் போகின்றன.

செப்பனிடுவதோடு சேர்த்து ஒரு திறந்த கூடம் என்றேன். ஆலயத்தின் பக்கவாட்டுக் கதவுகளை ஒட்டி, மூன்று பக்கமும் திறந்த, ஓடு வேய்ந்த கூடம். ஞாயிறுகளில் அங்கே ஓய்வுநாள் பள்ளி, கோடையில் வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளி, மற்ற நாட்களில் கல்யாண விருந்து. கூட்டம் பெருகும் நாட்களில் கதவுகளைத் திறந்துவிட்டால் பீடத்தின் சத்தம் அங்கும் கேட்கும். அதற்குமேலும் ஆள் வந்தால் பந்தல். ஆயிரம் பேர் கூடுவது வருடத்தில் நான்கைந்து நாள். அந்த நாட்களுக்காக மற்ற முந்நூற்று அறுபது நாளும் காலியாக நிற்கும் கட்டடத்தைக் கட்டக் கூடாது. இந்த மண்ணில் முதல் சபைகள் கூடியது பனையோலை வேய்ந்த ஜெப வீடுகளில். ஓலைப் பந்தலில் உட்கார்ந்து ஆராதிப்பதில் நமக்குக் குறைச்சல் ஒன்றுமில்லை.

செப்பனிடும் வழியில் இன்னொரு நன்மை, பணம் வர வர வேலை செய்யலாம். இடையன்குடியில் கால்டுவெல் 1847இல் அஸ்திபாரம் போட்ட ஆலயம் 1880இல்தான் பிரதிஷ்டையானது. கடன் வாங்கி ஒன்றரை வருடத்தில் முடித்துவிட்டு, அடுத்த பத்து வருடம் ஒவ்வொரு ஆராதனையிலும் கட்டட நிதி அறிவிப்பு வாசித்துக்கொண்டிருக்கும் நிலை அங்கே வந்திருக்காது.

புதிதாகத்தான் கட்ட வேண்டும் என்றால்

புறநகர்க் குடியிருப்புகளில் வாடகை மாடியில் கூடும் சபைகளுக்குச் செப்பனிட ஏதும் இல்லை. அவர்கள் பார்க்க வேண்டிய முன்னோடி லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்த குவேக்கர் கிறிஸ்தவர். தொழுநோயாளிகளுக்கான மிஷன் வேலைக்காக 1945இல் இந்தியா வந்து, பிற்பாடு திருவனந்தபுரத்தில் நிலைத்துவிட்டார். எளிமை என்பது குவேக்கர்களுக்கு விசுவாசத்தின் பகுதி. பேக்கரின் சுவர்களில் அது கண்ணுக்குத் தெரியும். பூசாத செங்கல், வண்ணம் அடிக்காத சுவர், தேவையில்லாத ஒரு கம்பி கிடையாது.

அவர் பரப்பிய முறைகளில் இரண்டு நமக்கு நேரடியாக உதவும். முதலாவது, செங்கலைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. இரண்டாவது, கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்ப்பது. தளத்தின் கீழ்ப்பாதியில் பாரத்தைத் தாங்குவது கம்பிதான். அங்கே உள்ள கான்கிரீட்டுக்கு அதிக வேலையில்லை. அந்த இடத்தை ஓடு நிரப்பினால் சிமெண்டு குறையும், எடை குறையும், வெக்கையும் குறையும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1970களின் தொடக்கத்தில் அவர் கட்டிய லயோலா சிற்றாலயம், ஜன்னலுக்குப் பதிலாகச் செங்கல் இடைவெளிகளே காற்றையும் வெளிச்சத்தையும் வடிகட்டித் தரும் இடம். நடுவே தூண் இல்லாத பெரிய கூடம், அங்கு ஏ.சி. வேண்டும் என்ற எண்ணமே வராது.

நம் பக்கத்தில் இதைச் செய்வதில் சிக்கல்களும் உண்டு. எலிப்பொறிக் கட்டுக்குச் செங்கல் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். கோணல் செங்கலில் அது வராது. பழக்கமில்லாத கொத்தனாருக்கு முதல் சுவரைக் கட்டிக் காட்ட ஆள் வேண்டும். பூசாத சுவரைப் பார்த்து "வேலை முடியவில்லையா?" என்று சபையார் கேட்பார்கள், அவர்களுக்கு முன்கூட்டியே விளக்கிவிட வேண்டும். கடலோரமாக இருந்தால் உப்புக்காற்று கம்பியை அரிக்கும் என்பதால், கம்பி குறைந்த கட்டடமே நீடித்து நிற்கும். களிமண் சேர்ந்த மண் கிடைக்கும் ஊர்களில், ஆரோவில்லில் செய்வதுபோல் சிறிதளவு சிமெண்டு கலந்து அழுத்திய மண்கட்டிகளையும் யோசிக்கலாம்.

வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆலயம் என்றால் கூர்முனைக் கோபுரமும் காதிக் ஜன்னலும்தான் என்ற பழக்கம் நமக்கு உண்டு. தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்த பிஷப் அசரியா, இன்றைய தெலங்கானாவின் தோர்ணக்கல்லில் எழுப்பி 1939இல் பிரதிஷ்டை செய்த பேராலயத்தில் கோயில் மண்டபத் தூண்களும் மசூதிக் கோபுரங்களும் இடம்பெற்றன. மண்ணுக்கேற்ற வடிவத்தைத் தேட நமக்கு வெளியிலிருந்து யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

கட்டடத்துக்கு வெளியே

மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் வளாகத்தைப் பற்றி ஒரே முடிவுதான் இருக்க முடியும் என்று நினைக்கிறேன். எத்தியோப்பியாவின் வடக்குப் பகுதியில் இயற்கைக் காடுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. வயல்களுக்கு நடுவே பச்சைத் திட்டுகளாக மிஞ்சி நிற்பவை, ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களைச் சுற்றி அந்தச் சபைகள் காத்துவந்த காடுகள். ஆலயத்தைச் சுற்றியுள்ள மரங்களும் பறவைகளும் பரிசுத்த இடத்தின் பகுதி என்று அந்த விசுவாசிகள் கருதுகிறார்கள்.

நமக்கும் இப்படி ஒரு பாரம்பரியம் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்து மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் 192 அடிக் கோபுரத்தை எல்லோரும் பேசுகிறார்கள். அதை எழுப்பிய மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் தேரிக்காட்டு மணலில் கிணறு வெட்டி மரம் வளர்த்து ஊரைச் சோலையாக்கியதும் அதே ஊழியத்தில் அடங்கும். இன்று அப்படிப்பட்ட வளாகங்களில் மதில் முதல் மதில் வரை பேவர் பிளாக். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வளவு மழையை எந்த வளாகமும் விழுங்கிவிட முடியாது. ஆனால் ஒரு சொட்டுகூட இறங்க முடியாதபடி மண்ணை மூடிவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. வாகனம் நிற்கும் இடத்துக்கு மட்டும் கல் பதியுங்கள். மிச்சத்தை வேம்புக்கும் புங்கைக்கும் விடுங்கள். கூரைத் தண்ணீரைப் பழைய கிணற்றில் இறக்குங்கள். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம்.

சூரிய மின்தகடு நல்லதுதான், ஆனால் கடைசியில் வர வேண்டியது. வத்திக்கான் தன் ஆறாம் பவுல் அரங்கின் கூரையில் 2008இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகளைப் பதித்தது. நம் ஊர் ஆலயத்துக்கு அவ்வளவு வேண்டாம். நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும் ஒரு கிலோவாட் தகடே மின்விசிறி, விளக்கு, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் வாரக் கணக்கில் போதும். 20 கிலோவாட் ஏ.சி.க்கு ஈடாகத் தகடு வைக்க 2,000 சதுர அடி வேண்டும். நம் ஆலயத்தின் கூரையே 1,800 சதுர அடிதான்.

எதிர்வாதங்கள்

"சாலொமோன் கேதுரு மரத்தாலும் பொன்னாலும் கட்டினான். தேவனுக்குச் சிறந்ததைக் கொடுக்க வேண்டாமா?" இந்தக் கேள்வியில் உள்ள பக்தியை மதிக்கிறேன். ஆகாய் தீர்க்கதரிசி, ஆலயம் பாழாய்க் கிடக்க நீங்கள் நல்ல வீடுகளில் குடியிருக்கலாமா என்று கடிந்துகொண்டதையும் மறுக்க முடியாது. ஆனால் ஆகாயின் கண்டிப்பு பாழாக விட்டதைப் பற்றியது. செப்பனிடுவது அதற்கு நேர்ப் பதில். சாலொமோனோ தன் பிரதிஷ்டை ஜெபத்திலேயே, வானாதி வானங்களும் உம்மைக் கொள்ளாதே, நான் கட்டின இந்த ஆலயம் எம்மாத்திரம் என்று கேட்கிறான். சிறந்தது எது என்பதில்தான் நமக்குள் வேறுபாடு. ஒரு கொத்தனார் மூன்று மாதம் கையால் மெழுகிய சுண்ணாம்புச் சுவர், கடையில் வாங்கிய கண்ணாடி முகப்பைவிடத் தாழ்ந்த காணிக்கை ஆகாது.

முதியவர்களைப் பற்றிய வாதம்தான் கனமானது. இரத்த அழுத்தமும் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் மே மாதத்தில் மூன்று மணி நேரம் உட்கார முடியாது. அவர்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது அன்பாகாது. ஏப்ரல், மே மாதங்களில் ஆராதனையை ஆறரை மணிக்கு மாற்றுவது முதல் படி. அதுவும் போதாதென்றால், பீடத்தைப் பார்த்தபடி ஒரு பக்க அறையைக் கண்ணாடி போட்டு அடைத்து, அதற்கு மட்டும் ஒன்றரை டன் ஏ.சி. வைக்கலாம். முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் அங்கே உட்காரட்டும். சாய்தளப் படியும் அவர்களுக்காக உடனே வேண்டும். பழைய ஆலயங்களின் உயரமான படிக்கட்டு பலரை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறது.

நெடுஞ்சாலையை ஒட்டிய நகர ஆலயங்களின் நிலை வேறு. லாரிச் சத்தத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துப் பிரசங்கம் கேட்க முடியாது. அங்கேகூட, சாலைப் பக்கச் சுவரை மூடித் தடிப்பாக்கி, எதிர்ப்பக்கத்தில் முற்றத்தை நோக்கித் திறக்க இடமிருந்தால் அதைச் செய்யலாம். அந்த இடமும் இல்லாத நெருக்கடியான மனையில், கட்டடமும் உண்மையில் ஆபத்தான நிலையில் இருந்தால், மூடிய ஏ.சி. ஆலயத்தைக் குறை சொல்ல மாட்டேன். முதல் வழிக்கு நியாயம் உள்ள இடம் என்று நான் சொன்னது அதைத்தான்.

கமிட்டி ஓட்டெடுப்புக்குப் போகுமுன் இரண்டு காகிதங்கள் மேசைமேல் இருக்க வேண்டும். ஒன்று, ஒரு வருடத்தின் எல்லா ஞாயிறுகளுக்குமான தலை எண்ணிக்கை. ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியாரிடம் சொன்னால் எழுதிவைத்துவிடுவார். மற்றது, மேலே சொன்ன கொத்தனாரும் பொறியாளரும் பார்த்து எழுதிய நிலை அறிக்கை. உத்திரங்கள் பாதிக்குமேல் கெட்டிருந்தால், சுவரை வைத்துக்கொண்டு கூரையை மட்டும் மாற்றலாம். அஸ்திபாரம் இறங்கிச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தால், மூன்றாவது வழிக்குப் போக வேண்டியதுதான். அப்போதும் நல்ல செங்கல், தேக்கு, தரைக்கல், ஜன்னல் சட்டம், மணி ஆகியவற்றைச் சேதமில்லாமல் கழற்றி ஆலயத்திடமே ஒப்படைக்க வேண்டும் என்றும், இடிபாட்டை எந்த நீர்நிலையிலும் கொட்டக் கூடாது என்றும் இடிப்பு ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதாமல் விட்டால், முதல் லாரியிலேயே தேக்கு போய்விடும்.